தறிக்குழி வரை வந்த மீன் எண்ணெய்

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடல் கிடையாது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது மாமல்லபுரமும் கோவளமும் கல்பாக்கமும் அதோடு போய்விட்டன. ஆனால் கடல் மீனின் எண்ணெய் மட்டும் ஊருக்குள் வந்துகொண்டேதான் இருக்கிறது. பிள்ளையார்பாளையத்திலோ சின்ன காஞ்சிபுரத்திலோ ஒரு மருந்துக் கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். கல்லாவுக்குப் பின்னால் டப்பாக்கள் வரிசையாக நிற்கும்: மீன் எண்ணெய், மல்டிவைட்டமின், மூட்டுக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று, மகனுக்குப் புரத மாவு. மருத்துவர் சீட்டு தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், கைப்பேசியில் ஒரு காணொலி வந்தது, அமெரிக்காவிலிருந்து வந்த மருமகள் கொண்டுவந்து கொடுத்தாள் என்று ஏதாவது ஒரு காரணம் போதும்.

இவற்றை வாங்குகிறவர்கள் ஏமாளிகள் அல்ல. முழங்கால் வலிக்கிறது, கை மரத்துப்போகிறது, அப்பாவுக்கு மாரடைப்பு வந்ததால் பயமாக இருக்கிறது. ஒவ்வொரு டப்பாவுக்கும் பின்னால் உண்மையான ஒரு உபாதையோ உண்மையான ஒரு கவலையோ இருக்கிறது. அதனால்தான் இந்த விஷயத்தைக் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது. உடலில் குறை உள்ளவருக்கு, அந்தக் குறையைச் சரியான அளவில் நிரப்பும் மாத்திரை உயிரையே காக்கும். குறை இல்லாதவருக்கு அதே மாத்திரை பெரும்பாலும் வெறும் செலவு. சில வேளைகளில் கேடு. கடந்த ஐம்பது ஆண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான். ஆனால் குறை அதிகமுள்ள வீடுகளில் அரசு இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரை பரணில் கிடக்கிறது. விளம்பரம் சொன்ன டப்பா கடன் சொல்லி வாங்கப்படுகிறது.

மீன் எண்ணெய் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இன்று அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலர், சிறுவயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கரண்டி காட் மீன் ஈரல் எண்ணெய் குடித்தவர்கள். அதற்குப் பிறகு வந்த தலைமுறை மஞ்சள் நிற ‘மீன் எண்ணெய் மாத்திரை’யை முழுங்கியது. இரண்டாம் உலகப் போரில் காட் எண்ணெய் இறக்குமதி தடைப்பட்டபோது, சென்னை மாகாண மீன்வளத் துறை சுறா மீனின் ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்து அந்த இடத்தை நிரப்பியது. அந்தக் காலத்தில் அதை யாரும் இதயத்துக்காகக் குடிக்கவில்லை. ஈரல் எண்ணெயில் இருந்தது வைட்டமின் ஏ-யும் டி-யும். மாலைக்கண்ணும் கணைச்சூடும் எலும்பு வளைதலும் குழந்தைகளை வாட்டிய காலம் அது.

அந்த வைட்டமின் ஏ-யின் அருமையை உலகுக்குக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று தமிழ்நாட்டில்தான் நடந்தது. மதுரை அரவிந்த் குழுமத்தைச் சேர்ந்த டாக்டர் எல். ரஹ்மத்துல்லாவும் சகாக்களும் திருச்சி மாவட்டக் கிராமங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 15,419 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு வாரந்தோறும் சிறிய அளவு வைட்டமின் ஏ. மறு பாதிக்கு அது இல்லாத சொட்டு. ஓராண்டு முடிவில், வைட்டமின் ஏ பெற்ற குழந்தைகளிடையே இறப்பு 54 சதவீதம் குறைந்திருந்தது. 1990-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் அந்த முடிவு வெளியானது. கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் கையால் வாயில் விட்ட சில சொட்டுகள் பாதிச் சாவைத் தடுத்தன என்றால், ‘சத்து மாத்திரையெல்லாம் பொய்’ என்று எவரும் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் அதே வைட்டமினுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் 10 லட்சம் குழந்தைகளைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானபோது, இறப்பு குறைந்தது ஏறத்தாழ 4 சதவீதம்தான். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற அளவுக்கு. ஏன் இந்த வேறுபாடு என்று நிபுணர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அஸ்ஸாமில் 2001 நவம்பரில் நடந்தது அதைவிடக் கசப்பானது. வைட்டமின் ஏ முகாமில் வழக்கமான 2 மில்லி கரண்டிக்குப் பதிலாக 5 மில்லி கோப்பை கொடுக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான குழந்தைகள் வாந்தியும் தலைவலியுமாகப் படுத்தார்கள். சில குழந்தைகள் இறந்தும் போனார்கள். அந்த இறப்புகளுக்கு மருந்துதான் காரணமா என்பதில் சர்ச்சை நீடித்தது. அளவு மாறினால் வைட்டமினும் கலவரப்படுத்தும் என்பதில் மட்டும் சர்ச்சை இல்லை. கர்ப்பிணிகள் ஈரல் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டனின் பொதுச் சுகாதாரச் சேவை அறிவுறுத்துவதும் இதனால்தான்: மிகையான வைட்டமின் ஏ கருவின் வளர்ச்சியைக் கெடுக்கும். ஈரலில் இருந்து எடுத்த எண்ணெய் வேறு, மீனின் உடலில் இருந்து எடுத்த எண்ணெய் வேறு. டப்பாவை வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த வேறுபாட்டைக் கடைக்காரர் சொல்கிறார்?

இப்போது இதயத்துக்கு வருவோம். 1970-களில் டென்மார்க் மருத்துவர்கள் பாங், டையர்பெர்க் இருவரும் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள். கடல் உணவையே தின்று வாழும் அந்த மக்களுக்கு மாரடைப்பு குறைவு, காரணம் மீன் கொழுப்பில் உள்ள ஒமேகா-3 என்ற கருத்து அங்கிருந்து கிளம்பியது. 1999-ல் இத்தாலியில் மாரடைப்பிலிருந்து பிழைத்த 11,324 பேரிடம் நடந்த ‘ஜிஸ்ஸி’ ஆய்வு அதற்குப் பலம் சேர்த்தது: தினமும் ஒரு மாத்திரை எடுத்தவர்களிடையே இறப்பு குறைந்தது. மாத்திரை நிறுவனங்களின் விளம்பரங்கள் இன்றும் சாய்ந்து நிற்பது இந்தத் தூணின் மேல்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவை சொல்வதில்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகள் பரவலான பிறகு அதே எண்ணெயைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் நடந்த ‘அசெண்ட்’ ஆய்வில், மீன் எண்ணெய் எடுத்தவர்களில் 8.9 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 9.2 சதவீதத்தினருக்கும் இதய, ரத்தநாளப் பாதிப்பு வந்தது. வேறுபாடு இல்லை என்றே பொருள். அமெரிக்காவில் 25,871 பேரிடம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த ‘வைட்டல்’ ஆய்வு மீன் எண்ணெயையும் வைட்டமின் டி-யையும் சேர்த்தே சோதித்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய்ச் சாவு ஆகியவற்றை மொத்தமாகக் கணக்கிட்டபோது எண்ணெய் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காட்டவில்லை. புற்றுநோயையும் அது தடுக்கவில்லை. ஆனால் அந்த ஆய்வுக்குள் கவனிக்க வேண்டிய ஒரு கிளைத் தகவல் இருக்கிறது: வாரத்துக்கு ஒன்றரை முறைக்கும் குறைவாக மீன் சாப்பிட்டவர்களை மட்டும் தனியே பார்த்தால், எண்ணெய் எடுத்தவர்களுக்குப் பாதிப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது. கிளைத் தகவல்களை உறுதியான முடிவாக எடுக்கக் கூடாது என்பது ஆய்வு மரபு. ஆனாலும் அது காட்டும் திசை பழைய திசைதான். இல்லாதவருக்குக் கொடுத்தால் பலன் தெரிகிறது.

வலுவான பலன் ஒரு பெரிய ஆய்வில் கிடைத்தது. ‘ரெட்யூஸ்-இட்’ என்ற அந்த ஆய்வில் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு அதிகமுள்ள 8,179 நோயாளிகளுக்கு, இ.பி.ஏ. என்ற சுத்திகரித்த ஒமேகா-3 தினமும் 4 கிராம் கொடுக்கப்பட்டது. இதயப் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது. ஒப்பீட்டுக்குக் கொடுத்த கனிம எண்ணெயே மறு தரப்பினருக்குக் கெடுதல் செய்திருக்குமோ என்ற கேள்வி அந்த முடிவை இன்னும் விட்டபாடில்லை. ஏனென்றால் சோள எண்ணெயோடு ஒப்பிட்டு, 13,078 பேருக்கு அதே 4 கிராம் ஒமேகா-3 கொடுத்த ‘ஸ்ட்ரெங்த்’ ஆய்வு, பலன் தெரியாததால் 2020-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. கடையில் கிடைக்கும் சாதாரண 1,000 மில்லிகிராம் மீன் எண்ணெய் மாத்திரையில் ஒமேகா-3 என்பது பெரும்பாலும் 300 மில்லிகிராம்தான்: 180 இ.பி.ஏ., 120 டி.எச்.ஏ. மீதி வெறும் எண்ணெய். ஆய்வில் கொடுத்த 4 கிராம் வேண்டுமென்றால் தினமும் 13 மாத்திரை விழுங்க வேண்டும். அதை யாரும் செய்யவும் கூடாது. அளவு கூடக் கூட, இதயம் தாறுமாறாகத் துடிக்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ கூடுகிறது. ரெட்யூஸ்-இட் ஆய்வில் அந்தக் கோளாறுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்து எடுத்த தரப்பில் 3.1 சதவீதம், மறு தரப்பில் 2.1 சதவீதம். பிரிட்டனில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவலை அலசி 2024-ல் வெளிவந்த ஒரு ஆய்வும், இதய நோய் இல்லாமலே வழக்கமாக மீன் எண்ணெய் எடுத்தவர்களுக்கு இந்தக் கோளாறு 13 சதவீதம் அதிகம் என்றது. அது சோதனை அல்ல, கண்காணிப்பு மட்டுமே. காரணம் அதுதான் என்று அறுதியிட முடியாது. ஆனால் பக்கவிளைவே கிடையாது என்று சொல்லி விற்கிறவர்களுக்கு இனி அந்த வாய் இருக்கக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மீன் எண்ணெயைத் தொடாமல் இருப்பது நல்லது.

ட்ரைகிளிசரைடு மிக அதிகமாக இருந்து மருத்துவர் எழுதிக்கொடுத்தால் அது வேறு. அரிசிச் சோறு அதிகமும் உடலசைவு குறைவுமான தமிழ்நாட்டு வாழ்க்கையில் அப்படிப்பட்டவர்கள் நிறையவே இருக்கிறார்கள். கர்ப்பிணிகளைப் பொறுத்தவரையிலும், 2018-ல் 70 ஆய்வுகளைத் தொகுத்த ‘காக்ரேன்’ குழு, ஒமேகா-3 குறைப்பிரசவத்தைக் குறைப்பதாகக் கண்டது. அதுவும் உடலில் அந்தக் கொழுப்பு குறைவாக உள்ள பெண்களுக்கே அதிகம் உதவுவதாகப் பின்னர் தெரிந்தது.

மற்றவர்களுக்கு மத்தி இருக்கிறது. ஏழைகளின் மீன் என்று ஒதுக்கப்படும் மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 1 கிராம் ஒமேகா-3 இருக்கிறது, அதாவது மூன்று மாத்திரைக்குச் சமம். அதோடு புரதமும் கால்சியமும் வைட்டமின் டி-யும் பி12-ம் சேர்ந்தே வருகின்றன. கௌரவத்துக்காக வஞ்சிரத்தை வாங்குகிறவர்கள் ஒருமுறை மத்தியைக் குழம்பு வைத்துப் பார்க்கலாம். வாரம் இரண்டு முறை மீன் என்பது அமெரிக்க இதயச் சங்கத்தின் பரிந்துரை. எண்ணெயில் பொரிக்காமல் என்பதும் அதே பரிந்துரையில் இருக்கிறது.

கோயில் நகரத்தில் மீனைத் தொடாத குடும்பங்கள் ஏராளம். அவர்களும் இதயத்துக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறார்கள். பெரும்பாலான மாத்திரைகளின் உறையே ஜெலட்டின்தான், விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா என்று பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆளி விதையிலும் வால்நட்டிலும் இருப்பது ஒமேகா-3-ன் இன்னொரு வகை. அதில் மிகச் சிறிய பங்கைத்தான் உடல் மீனில் உள்ள வகையாக மாற்றிக்கொள்கிறது. மீனுக்கே அந்தக் கொழுப்பு கடலின் நுண்பாசியிலிருந்து வருவதால், பாசி எண்ணெய் மாத்திரை சைவர்களுக்கு ஒரு வழி. ஆனால் அதற்கும் மேற்சொன்ன எல்லாச் சோதனை முடிவுகளும் பொருந்தும்.

நெசவாளர் வீட்டுக்குள் போனால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. காஞ்சிப் பட்டு குழித்தறியில் நெய்யப்படுகிறது. கால்கள் குழிக்குள், கைகள் நாடாவில், கண்கள் பாவில். இழை வறண்டு அறுந்துவிடக் கூடாது என்பதால் ஈரப்பதமும் நிழலும் உள்ள அறைதான் தறிக்கு ஏற்றது. பாவு நீட்டவும் கஞ்சி போடவும் விடியற்காலையில் தெருவுக்கு வருவார்கள். வெயில் ஏறுவதற்குள் உள்ளே போய்விடுவார்கள். திருப்பதியில் டாக்டர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வுப்படி, இந்த அட்சரேகையில் தோலில் வைட்டமின் டி நன்றாக உருவாகும் நேரம் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. அந்த நேரத்தில் நெசவாளர் தறிக்குழிக்குள் இருக்கிறார். வெயில் கொளுத்தும் ஊரில் வாழ்ந்தும் அந்த வெயில் அவர் தோலைத் தொடுவதில்லை. எலும்பு வலி, தசைச் சோர்வு என்று வரும் நெசவாளரிடம் வைட்டமின் டி குறையை மருத்துவர் சந்தேகிப்பது முற்றிலும் நியாயம்.

சிக்கல் அதற்கு அப்புறம் ஆரம்பிக்கிறது. குறை உள்ளவருக்கு 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு எழுதிக்கொடுப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பது 600 யூனிட். ஆக அந்த ஒரு மாத்திரை நூறு நாள் தேவை. சீட்டைச் சரியாகப் படிக்காமல் அதைத் தினமும் விழுங்கியவர்கள், வலி குறைந்ததே என்று மாதக்கணக்கில் தொடர்ந்தவர்கள், மாத்திரையோடு ஊசியும் போட்டுக்கொண்டவர்கள் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, தாகம், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு வரை போனவர்கள். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் நிறுத்திய பிறகும் அது உடலைவிட்டு லேசில் போகாது. மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கொடுக்கும்போது, பேனாவால் ‘வாரம் ஒன்று, எட்டு வாரத்துக்கு’ என்று மருத்துவர் எழுதியதைப் பெரிய எழுத்தில் திரும்ப எழுதிக்கொடுப்பது ஒரு செலவில்லாத உயிர்காப்பு.

கை, கால் மரத்துப்போவதற்கு விற்கும் ‘நரம்பு மாத்திரை’யின் கதையும் இப்படியே. சைவ உணவுக்காரர்களுக்கும், சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் பி12 குறைவது நிஜம். மரமரப்புக்கு அது காரணமென்றால் பி12 மாத்திரை கைகொடுக்கும். ஆனால் அதே அட்டையில் பி6-ம் சேர்ந்திருக்கும். அதிக அளவு பி6 நீண்ட நாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுத்து மரமரப்பை உண்டாக்கும் என்பது 1980-களிலேயே தெரிந்த செய்தி. மரத்துப்போகிறதே என்று இரண்டாவது அட்டையை வாங்குபவருக்கு இதை யாராவது சொல்லியாக வேண்டும். மூட்டு வலிக்கு விற்கும் குளுக்கோசமைனை அமெரிக்காவில் 1,583 பேரிடம் சோதித்தபோது, மொத்தத்தில் அது வெற்று மாத்திரையைவிட மேலாகச் செயல்படவில்லை. அந்த முடிவு வந்தது 2006-ல், விற்பனை நின்றபாடில்லை.

காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இயங்குகிறது. இந்த ஊரில் பிறந்த அண்ணாவை 1969 பிப்ரவரியில் கொண்டுபோனது புற்றுநோய்தான். அந்த வாசலில் காத்திருக்கும் குடும்பங்களிடம் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ மாத்திரைகளை விற்பது சுலபம். பயம் எதையும் வாங்க வைக்கும். ஆனால் பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேருக்கு பீட்டா கரோட்டீன் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரல் புற்று குறைவதற்குப் பதிலாக 18 சதவீதம் கூடியது. 1994-ல் அந்த முடிவு வந்தது. அமெரிக்காவில் நடந்த இன்னொரு ஆய்வில், வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்தபோது 28 சதவீதம் கூடியதால் 1996-ல் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். கேரட்டில் இருப்பதும் பீட்டா கரோட்டீன்தான். கேரட் தின்று யாருக்கும் புற்று வரவில்லை. உணவில் இருக்கும்போது நல்லது செய்வது, செறிவாக்கி மாத்திரையாக்கினால் அப்படியே நல்லது செய்யும் என்ற நம்பிக்கையைத்தான் இந்த இரண்டு ஆய்வுகளும் உடைத்தன. மஞ்சளும் அப்படித்தான். சமையலில் ஒரு சிட்டிகை போடும் மஞ்சளால் ஈரல் கெட்டதில்லை. மிளகுச் சத்தோடு சேர்த்து உடலில் பல மடங்கு ஏறும்படி செய்த குர்குமின் மாத்திரைகளால் ஈரல் அழற்சி வந்ததாகப் பதிவானதையடுத்து இத்தாலி அரசு 2019-ல் எச்சரிக்கை விடுத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் டப்பாவில் எழுதியிருப்பது டப்பாவுக்குள் இருந்தால்தான் பொருந்தும். கேரளத்து ஈரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் சகாக்களும் இந்தியாவில் பிரபலமான 36 புரத மாவு வகைகளைச் சோதித்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 சதவீதத்தில் புரத அளவு அட்டையில் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. 14 சதவீதத்தில் அஃப்லாடாக்ஸின் என்ற பூஞ்சை நஞ்சு இருந்தது. 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சம். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் மகனுக்காக வீட்டில் மற்றவர் செலவைச் சுருக்கி வாங்கிக்கொடுக்கும் மாவு இது.

சட்டப்படி இவை மருந்து அல்ல, உணவு. 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016-ல் இவற்றுக்கென்று தனி விதிகள் வந்தன. அட்டையில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்கிறது விதி. அச்சிடுகிறார்கள்: ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், பின்பக்கத்தில். முன்பக்கத்தில் இதயத்தின் படம் இருக்கிறது. நோயைக் குணப்படுத்தும் என்று நிரூபித்த பிறகே விற்க வேண்டும் என்ற கட்டாயம் மருந்துக்கு உண்டு, இவற்றுக்கு இல்லை.

அந்தக் கட்டாயம் உள்ள மருந்திலேயே என்ன நடந்தது என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் பார்மசூட்டிகல்ஸ் ஆலையில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்து, 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எடுத்துச் சோதித்த எஸ்.ஆர்.-13 தொகுதியில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. அனுமதி 0.1 சதவீதம். ஆலையில் 350-க்கும் மேற்பட்ட குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டன, எல்லாம் குழந்தைகள் இறந்த பிறகு. ஆய்வகம் சில நாட்களுக்குள் முடிவைச் சொல்லிவிட்டது என்பதையும் மறக்கக் கூடாது. திறமை இருக்கிறது, முன்கூட்டியே மாதிரி எடுக்கும் பழக்கம்தான் இல்லை. உரிமமும் ஆய்வாளரும் இருந்த மருந்துக்கே இந்தக் கதி என்றால், உணவு என்ற பெயரில் வரும் மாத்திரைக்கு யார் பொறுப்பு?

மாநில உணவுப் பாதுகாப்புத் துறை காலாண்டுக்கு ஒருமுறை மாவட்ட மருந்துக் கடைகளிலும் இணைய விற்பனையிலும் சத்து மாத்திரை, புரத மாவு, மீன் எண்ணெய் மாதிரிகளை எடுத்து, தயாரிப்பின் பெயரோடு முடிவைத் தமிழில் வெளியிட வேண்டும். அதில் அட்டையில் சொன்ன அளவு இருக்கிறதா, நஞ்சு இருக்கிறதா, எண்ணெய் கெட்டுப்போயிருக்கிறதா என்ற மூன்றும் இருந்தால் போதும். மீன் எண்ணெய் சூட்டிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் சிக்கு வாடை அடித்துவிடும். சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், தகரக் கூரைக் கிடங்கில் வாரக்கணக்கில் கிடந்த டப்பாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாங்கியவர் ஒரு மாத்திரையை வெட்டி முகர்ந்து பார்க்கலாம். ஆனால் அது வாங்கியவரின் வேலையாக இருக்கக் கூடாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. வீட்டு வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர் இன்னும் ஒரு கேள்வி கேட்கலாம்: ‘கடையில் வாங்கி வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள்?’ பெரும்பாலோர் மருத்துவரிடம் இதைச் சொல்வதில்லை. சத்து மாத்திரையை மருந்தாகவே அவர்கள் நினைப்பதில்லை.

கடைசியாக, இலவச மாத்திரை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. திருச்சி ஆய்வில் வைட்டமின் ஏ செய்ததை இவர்களுக்குச் செய்யக்கூடியது இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான். வளரிளம் பெண்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் வாரம் ஒரு நீல மாத்திரை. கர்ப்பிணிகளுக்கு 180 நாட்கள் தினமும் ஒரு சிவப்பு மாத்திரை. பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாட்கள். காசில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் இரும்புச் சத்து டானிக் வருகிறது.

அவற்றை ஏன் தூக்கிப் போடுகிறார்கள் என்பதும் தெரிந்ததே. குமட்டுகிறது, மலம் கறுக்கிறது, மலச்சிக்கல் வருகிறது, இலவசம் என்றால் மட்டம் என்ற எண்ணம் வேறு. மலம் கறுப்பது கெடுதல் அல்ல, உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பு. குமட்டல் உள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது இரவு படுக்கும் முன் எடுத்தால் பெரும்பாலும் சரியாகும். டீயும் காபியும் பாலும் இரும்பை உறிஞ்ச விடாது. ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா உதவும். இதை நர்ஸம்மா ஒருமுறை உட்காரவைத்துப் பேசினால் மாத்திரை பரணுக்குப் போகாது. அதற்கு நேரம் கிடைக்கிற அளவுக்குத் துணை சுகாதார நிலையங்களில் ஆள் போட வேண்டியது அரசின் கடமை. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இன்னொரு எச்சரிக்கையும் அவர் சொல்ல வேண்டும்: மிட்டாய்போலப் பளபளக்கும் அந்தச் சிவப்பு மாத்திரைகளில் ஒரு கைப்பிடியைத் தின்றுவிட்டால் இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோகக்கூடும். பூட்டிய அலமாரியில், கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்திக்குக் காத்திருக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.